எண் இடிக்கிறதா? குழியை மூடாதீர்கள்: பனி அளவீட்டில் தவறு கண்டுபிடிக்கும் வழிமுறை

பனிக்குழி தோண்டி அளப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆய்வகத்தில் ஒரு எண் தப்பாக வந்தால் நாளைக்கு மறுபடி செய்துகொள்ளலாம். பனியில் அது நடக்காது. இன்று நீங்கள் வெட்டிய சுவர் நாளைக்கு அதே சுவராக இருக்காது. வெயில் படும், காற்று அரிக்கும், ராத்திரி புதுப்பனி விழும். அதனால் தவறை அங்கேயே, விரல் விறைக்க நின்றுகொண்டே, குழியை மூடுவதற்கு முன்பே பிடித்தாக வேண்டும்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் சில குளிர்காலங்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அங்கே வழக்கத்தில் உள்ள கருவிகளை வைத்தே எழுதுகிறேன். இமயத்தில் வேலை செய்யப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் நோட்டில் எந்த எண் இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சொல் விஷயம் ஒன்று. மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், மலையில் ஆளுயரத்துக்குக் கிடப்பதும் பனிதான். இங்கே பனி என்றால் வானத்திலிருந்து விழுந்து குவிந்து கிடப்பது மட்டும். கெட்டியாக உறைந்ததை ஐஸ் என்றே எழுதுகிறேன். நீர்ச்சமானம் என்ற சொல் அடிக்கடி வரும். ஓரிடத்தில் கிடக்கும் பனி முழுவதையும் அங்கேயே உருக்கினால் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்குமோ, அதுதான் நீர்ச்சமானம். அணைக்காரர்களும் விவசாயிகளும் கேட்பது அந்த எண்ணைத்தான். ஆழம் மட்டும் தெரிந்தால் அவர்களுக்குப் பயனில்லை.

முதலில்: பனி தாண்ட முடியாத வரம்புகள்

கருவியைச் சந்தேகப்படுவதா, பனியைச் சந்தேகப்படுவதா என்ற கேள்வி வரும்போது இயற்பியல் நம் பக்கம் நிற்கிறது. பனியின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தாண்டினால் அது பனி இல்லை, தண்ணீர். தூய ஐஸின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 917 கிலோ. பனியில் காற்று கலந்திருப்பதால் எண் அதைவிட மிகக் குறைவாகத்தான் வரும். அப்போதுதான் விழுந்த பஞ்சுப் பனி 50 முதல் 100 வரை, சில வாரங்கள் படிந்து இறுகியது 200 முதல் 300 வரை, காற்று அடித்துக் கெட்டிப்படுத்திய பலகைப் பனி 300 முதல் 400 வரை, வசந்தத்தில் நனைந்து முதிர்ந்தது 450 முதல் 550 வரை. இந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கட்டும். பருவகாலப் பனியில் 650 என்று ஒரு எண் வந்தால், ஐஸ் அடுக்கை வெட்டியிருக்கிறீர்கள் அல்லது தராசு பொய் சொல்கிறது. இரண்டில் ஒன்று.

இன்னொரு பழக்கம்: எதையும் இரண்டு தனி வழிகளில் அளப்பது. குழியில் அடுக்கடுக்காக அடர்த்தி எடுத்துக் கூட்டினால் ஒரு நீர்ச்சமானம் கிடைக்கும். பக்கத்திலேயே குழாய் இறக்கி எடை போட்டால் இன்னொன்று. இரண்டும் ஒரே பனியைப் பற்றியவை, ஆனால் இரண்டும் ஒரே விதத்தில் தவறுவதில்லை. என்னைக் கேட்டால், இந்தக் குறிப்பில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றுதான் அதிகத் தவறுகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

அறிகுறி: குழிக் கணக்கும் குழாய் எடையும் ஒத்துப்போகவில்லை

ஒரு கணக்கைப் பார்ப்போம். 120 செ.மீ. ஆழக் குழி. மேல் 30 செ.மீ. புதுப்பனி, அடர்த்தி 120. நடுவில் 50 செ.மீ., 280. அடியில் 40 செ.மீ., 330. தண்ணீரின் அடர்த்தி 1000 என்பதால் ஒவ்வொரு அடுக்கும் தருவது 3.6, 14, 13.2 செ.மீ. தண்ணீர். மொத்தம் 30.8 செ.மீ. இந்தக் கூட்டலைக் குழிக்குள்ளேயே பென்சிலால் போட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இப்போது குழாய் 34 செ.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் அதிகம். பெடரல் குழாய் என்றால் இதில் வியப்பில்லை. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பரவலாகப் புழங்கும் இந்த அலுமினியக் குழாய் கொஞ்சம் கூடுதலாகவே அளக்கும், அடர்ந்த பனியில் பத்து சதவீதம் வரைகூட. நுனியிலுள்ள பற்கள் தங்கள் வட்டத்துக்கு வெளியே இருக்கும் பனியையும் கொஞ்சம் உள்ளே தள்ளுகின்றன. குழாய்க்குள் பார்ப்பதற்காக வெட்டியிருக்கும் நீளத் துளைகள் வழியாகவும் பனி நுழைகிறது. ஆகவே கொஞ்சம் அதிகம் என்றால், அந்த எண்ணை அப்படியே எழுதி, எந்தக் குழாய் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். களத்தில் வைத்துத் திருத்தாதீர்கள். திருத்தம் பிறகு, எல்லாத் தரவுக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டிய வேலை.

மாறாக 24 என்று வந்தால் நிலைமை வேறு. குழாய் குறைத்து அளந்தால் அநேகமாக எங்கோ பனி விழுந்துவிட்டது, அல்லது உள்ளே வரவே இல்லை. கீழ்க்கண்டவற்றை இந்த வரிசையில் பாருங்கள்.

நுனியில் மண்ணோ புல்லோ ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் குழாய் தரையைத் தொடவே இல்லை. ஐஸ் அடுக்கில் முட்டியதைத் தரை என்று நினைத்திருக்கிறீர்கள். மண் இருந்தால் நல்லது. அதைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் நீளத்தை ஆழத்திலிருந்து கழித்துவிட்டு, பிறகு எடை போடுங்கள்.

உள்ளே இருக்கும் பனித்தண்டின் நீளம் என்ன? துளை வழியாகப் பார்த்தே அளக்கலாம். பனி 120 செ.மீ. ஆழம், தண்டு 85 தான் என்றால் நடுவில் எங்கோ அடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு குழாய் பனியை வாங்காமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இறங்கியிருக்கிறது. பஞ்சுப் பனியில் தண்டு ஓரளவு அமுங்குவது இயல்பு. முதிர்ந்த பனியில் தண்டின் நீளம் ஆழத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் நான் அந்த மாதிரியை வைத்துக்கொள்வதில்லை. கொட்டிவிட்டு, ஓரடி தள்ளி மறுபடி இறக்குவேன்.

அடிப்பகுதி சீனி போல உதிர்கிறதா? தரையை ஒட்டிய பனி சில இடங்களில் பெரிய பெரிய மணிகளாக, கையில் எடுத்தால் ஒட்டாமல் கொட்டும். தரை 0 டிகிரிக்கு அருகில், மேற்பரப்பு கடுங்குளிர், பனியோ மெல்லியது. இப்படி இருந்தால் ஒரு மீட்டருக்கு 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு உண்டாகி, கீழிருந்து நீராவி மேலே போய் மறுபடி படிந்து படிந்து இந்த மணிகள் வளர்கின்றன. குழாயைத் தூக்கும்போது இவை அடியிலிருந்து கொட்டிவிடும். தரைக்குள் கொஞ்சம் அழுத்தி, அந்த மண்ணையே மூடியாக வைத்துத் தூக்குவதுதான் வழி. தரை பாறையாக இருந்தால் குழாயைச் சுற்றித் தோண்டி, நுனிக்கு அடியில் தட்டையான தகடு ஒன்றைச் செருகி எடுங்கள்.

இந்தக் குழாயின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நெவாடாவின் ரீனோ நகரத்தில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த பேராசிரியர் ஜேம்ஸ் சர்ச் அதன் முன்னோடியை 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். பக்கத்திலிருக்கும் மவுண்ட் ரோஸ் மலையின் பெயரில்தான் அது இன்றும் அறியப்படுகிறது. டாஹோ ஏரியின் நீர்மட்டம் பற்றிய தகராறு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. மலையில் கிடக்கும் பனியை எடை போட்டால் வசந்தத்தில் ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என அவர் காட்டினார். பின்னால் வந்த பெடரல் குழாயின் நுனி விட்டம் 1.485 அங்குலம். அந்த விட்டத்துக்கு ஓர் அவுன்ஸ் பனி சரியாக ஓர் அங்குலத் தண்ணீர். கணக்கே போடாமல் தராசிலேயே நீர்ச்சமானத்தைப் படித்துவிடலாம். மெட்ரிக்கில் பழகிய நமக்கு அது உறுத்தும், ஆனால் உறைந்த கையோடு நிற்கும்போது எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும்.

அறிகுறி: பனி குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது

பெரும்பாலும் காரணம் வெயில். குழாயைப் பனியில் நட்டுவைத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்கள் என்றால், அலுமினியம் சூடேறிவிடும். பிறகு குளிர்ந்த பனியில் இறக்கும்போது தொடும் இடமெல்லாம் கொஞ்சம் உருகி, உடனே உறைந்து, பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். முதல் குளிர்காலத்தில் எனக்கு இது நடந்து, ஒரு முற்பகல் முழுவதும் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

குழாயை நிழலில், பனிமேல் படுக்க வைத்துக் காற்றின் குளிருக்கு வரவிடுங்கள். உள்ளும் புறமும் மெழுகு அல்லது சிலிக்கான் பூச்சு இருக்கட்டும். இறக்க ஆரம்பித்தால் நடுவில் நிற்காமல் ஒரே மூச்சில் இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் காலிக் குழாயை எடை போடுங்கள். முந்தின மாதிரியின் மிச்சம் உள்ளே ஒட்டியிருந்தால் அது அடுத்த எண்ணில் ஏறிவிடும்.

அறிகுறி: தெர்மாமீட்டர் பனிக்குள் +1 காட்டுகிறது

இதில் விவாதத்துக்கே இடமில்லை. தெர்மாமீட்டர்தான் தவறு. ஆனால் எந்த விதத்தில் தவறு என்று பார்க்க வேண்டும்.

மேற்பரப்புக்கு அருகில் மட்டும் +1 என்றால் வெயில். ஒளி பனிக்குள் சில அங்குலம் ஊடுருவும். தெர்மாமீட்டரின் உலோகத் தண்டு அந்த ஒளியை வாங்கிச் சூடாகும். நீங்கள் அளந்தது தண்டின் வெப்பநிலை, பனியினுடையது அல்ல. ஷவலை நட்டு நிழல் உண்டாக்கி, சில நிமிடம் பொறுத்துப் படியுங்கள். குழி தோண்டும்போதே, அளக்கப் போகும் சுவர் நிழலில் இருக்கும்படி திட்டமிட வேண்டும். வட அரைக்கோளத்தில் குழியின் தெற்குப் பக்கச் சுவர், அதாவது வடக்கைப் பார்த்து நிற்கும் சுவர்.

எல்லா ஆழத்திலும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டினால் கருவி நழுவிவிட்டது. குடுவையில் சுத்தமான பனியும் தண்ணீரும் கலந்து கூழாக்கி, தெர்மாமீட்டரை நிறுத்தி, கலக்கிக்கொண்டே இருங்கள். நின்ற எண் 0 ஆக இருக்க வேண்டும். 0.7 காட்டினால் அந்த 0.7-ஐ ஒரு நாடாவில் எழுதித் தண்டிலேயே ஒட்டிவிடுங்கள். இதைக் காலையில் கிளம்பும் முன்பு செய்வதுதான் முறை. மறந்துபோனால் பனியே உதவும். ஒரு பிடி பனியை உள்ளங்கையில் அழுத்தும்போது தண்ணீர் கசிந்தால் அந்த அடுக்கு ஈரப்பனி, அதன் வெப்பநிலை சரியாக 0. அங்கே உங்கள் தெர்மாமீட்டர் மைனஸ் 1 காட்டினால், எவ்வளவு நழுவியிருக்கிறது என்று மலையே சொல்லிவிட்டது.

இன்னொரு விதமும் உண்டு. எண்கள் தனித்தனியாகப் பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கும், ஆனால் எல்லா ஆழமும் கிட்டத்தட்ட ஒன்றாகவும் காற்றின் வெப்பநிலைக்கு அருகிலும் வரும். குழி தோண்டி முடித்து, படம் எடுத்து, பேசி, அரை மணி கழித்து அளந்திருக்கிறீர்கள். சுவர் காற்றின் வெப்பநிலைக்குப் போய்விட்டது. சுவரை ஒரு சாண் உள்ளே சீவிவிட்டுப் புதுமுகத்தில், தண்டு குறைந்தது 10 செ.மீ. உள்ளே போகும்படி குத்தி, மறுபடி ஆரம்பியுங்கள். குழி தோண்டியதும் முதல் வேலை வெப்பநிலை, மற்றதெல்லாம் பிறகுதான் என்று சொல்வது இதற்காகவே.

அறிகுறி: ஒரே அடுக்கில் இரண்டு முறை வெட்டினால் இரண்டு அடர்த்தி

ஒவ்வொரு உயரத்திலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாதிரி எடுங்கள். வேறுபாடு பத்து சதவீதத்துக்கு மேல் போனால் மூன்றாவது. அதிலும் தெளிவு வராவிட்டால், மாதிரியை வெட்டி எடுக்கும் கட்டரைப் பாருங்கள்.

ஆப்பு வடிவ 1000 கன செ.மீ. கட்டர் வேகமானது, ஆனால் பஞ்சுப் பனியை அமுக்கி அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். கெட்டிப் பனியிலோ முழுதாக நிரம்பாமல் குறைத்துக் காட்டும். 100 கன செ.மீ. பெட்டி கட்டர் மெல்லிய அடுக்குகளுக்கு நல்லது. ஆனால் மாதிரி சிறியது என்பதால் தராசின் ஒரு கிராம் பிழை அங்கே கன மீட்டருக்கு 10 கிலோவாகிவிடும். ஆப்பு கட்டரில் அதே ஒரு கிராமுக்கு ஒரு கிலோதான். எந்தக் கட்டர் என்பதை நோட்டில் எழுதாமல் விட்டால், பிறகு யாராலும் அந்த எண்களை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது.

ஐஸ் அடுக்கு குறுக்கே வந்தால் கட்டர் சாய்ந்து இறங்கி, மூலை காலியாக நிற்கும். ஐஸைத் தனியாக எடுத்துத் தடிமனை அளந்து எழுதுங்கள். கட்டருக்குள் வலுக்கட்டாயமாக அடைக்க வேண்டாம். ஐஸ் அடுக்கை விட்டுவிட்டுக் கூட்டினாலும் தவறுதான். 2 செ.மீ. ஐஸ் கிட்டத்தட்ட 2 செ.மீ. தண்ணீர்.

தராசைப் பொறுத்தவரை, காற்று அடித்தால் தட்டே ஆடும். பெட்டிக்குள் அல்லது சுவரில் குடைந்த மாடத்துக்குள் வைத்து எடை போடுங்கள். குளிரில் மின்தராசின் பூஜ்யம் நகரும். எடை தெரிந்த ஒரு பொருளைப் பையிலேயே வைத்திருந்து, ஐந்து மாதிரிக்கு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

அறிகுறி: ஆழக்கோல் ஒவ்வோர் அடிக்கும் வேறு எண் சொல்கிறது

பல நேரம் இது பிழையே அல்ல. கீழே பாறையும் புதரும் விழுந்த மரமும் இருக்கும்போது பனியின் மேற்பரப்பு மட்டும்தான் சமமாகத் தெரியும். ஆழம் இடத்துக்கு இடம் நிறைய மாறும், அடர்த்தி அந்த அளவுக்கு மாறாது. அதனால்தான் ஒரு குழிக்கு நூறு ஆழக்குத்து என்ற விகிதத்தில்கூட வேலை செய்கிறார்கள். 2017-ல் நாசா கொலராடோவின் கிராண்ட் மேசா மேட்டுநிலத்தில் தொடங்கிய ஸ்னோஎக்ஸ் ஆய்விலும் விமானக் கருவிகள் சொல்வதைச் சரிபார்க்கக் கீழே ஆட்கள் இப்படிக் குழி தோண்டிக்கொண்டும் கோல் குத்திக்கொண்டும்தான் இருந்தார்கள்.

ஆனால் இரண்டு உண்மையான பிழைகள் இங்கே ஒளிந்திருக்கும். இளகிய மண்ணிலும் பாசியிலும் கோல் தரையைத் தாண்டிப் போய் ஆழத்தைக் கூட்டும். ஐஸ் அடுக்கில் நின்று குறைக்கும். காதும் கையும்தான் இதற்குத் தீர்வு. பாறை ணங்கென்று சத்தம் போடும், மண் மொத்தென்று நிற்கும், ஐஸ் ஒரு தயக்கம் காட்டிவிட்டு அழுத்தினால் உடையும். குழிக்குப் பக்கத்தில், தரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் சில முறை குத்திப் பழகிவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

சரிவில் கோலைச் செங்குத்தாகப் பிடித்தீர்களா, சரிவுக்கு நேர்கோணமாகவா? 30 டிகிரி சரிவில் இரண்டுக்கும் 15 சதவீத வேறுபாடு வரும். நீர்ச்சமானத்துக்குச் செங்குத்து ஆழம் வேண்டும். குழுவில் ஒருவர் ஒரு விதமும் இன்னொருவர் வேறு விதமும் பிடித்தால் அந்தத் தரவைப் பிரித்தெடுக்கவே முடியாது.

அறிகுறி: தானியங்கி நிலையத்தில் ராத்திரி ஆழம் குறைகிறது, பகலில் திரும்பி வருகிறது

பனி அப்படி மூச்சு விடாது. கம்பத்தின் மேலிருந்து ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் சென்சார் இது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 0 டிகிரியில் நொடிக்குச் சுமார் 331 மீட்டர், மைனஸ் 15-ல் சுமார் 322. சென்சாருக்கும் பனிக்கும் நடுவே 3 மீட்டர் இருந்து, எண்களைப் பதிவுசெய்யும் லாகர் எப்போதும் 0 டிகிரி என்றே எடுத்துக்கொண்டால், அந்த ராத்திரியில் தூரத்தை 8 அல்லது 9 செ.மீ. கூடுதலாகக் கணக்கிடும். பனி அவ்வளவு குறைந்ததாகத் தெரியும்.

லாகர் நிரலில் வெப்பநிலைத் திருத்தம் உண்டா என்று பாருங்கள். கெல்வினில் எடுத்த காற்றின் வெப்பநிலையை 273.15-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, தூரத்தைப் பெருக்க வேண்டும். இருந்தும் பகலில் சில செ.மீ. குறைகிறது என்றால் தெர்மாமீட்டரின் கூடு சூடாகிறது. காற்றில்லாத நாளில் பனியிலிருந்து திரும்பும் வெயிலும் கூட்டுக்குள் ஏறும்.

வேறு சில உருவங்களும் உண்டு. பொழிவின்போது மட்டும் எண் தாறுமாறாகக் குதித்தால், விழும் பனியே எதிரொலிக்கிறது. அந்த மணிநேரங்களின் நடுஎண்ணை எடுங்கள். ஜூன் மாதத்தில் 15 செ.மீ. பனி என்றால் அது புல். பனி விழும் முன்பு, வெறுந்தரையில் கம்பத்தின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதியிருந்தால் இந்தக் கேள்விகளில் பாதி வராது.

அறிகுறி: பனித்தலையணை காட்டும் நீர்ச்சமானம் படி படியாகக் குதிக்கிறது

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் ஸ்னோடெல் என்ற பெயரில் 900-க்கு மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. பலவற்றின் நடுவில் உறையாத திரவம் நிரப்பிய தட்டையான தலையணை தரையில் கிடக்கும். மேலே விழும் பனியின் எடை அழுத்தமாக மாறி, நீர்ச்சமானமாகப் பதிவாகும்.

பனிக்குள் கெட்டியான ஐஸ் அடுக்கு உருவானால் அது பாலம் போலத் தலையணையின் இரு ஓரமும் ஊன்றிக்கொண்டு எடையைத் தாங்கிவிடும். பொழிவு நடக்கும், எண் அசையாது. சில நாள் கழித்துப் பாலம் உடையும், எண் ஒரேயடியாக ஏறும். மழைமானியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆனால் பனிக்காலத்தில் மழைமானியையும் முழுதாக நம்ப வேண்டாம், காற்றடித்தால் அதன் வாய்க்குள் பனி குறைவாகத்தான் விழும். உறுதி செய்யக் கையால்தான் அளக்க வேண்டும். தலையணையைச் சுற்றிச் சில மீட்டர் தள்ளி நாலைந்து இடத்தில் குழாய் இறக்குங்கள். தலையணை மேல் நடக்காதீர்கள், குழாயை அங்கே இறக்கவே இறக்காதீர்கள். கிழிந்தால் அந்தக் குளிர்காலம் முழுவதும் போய்விடும்.

இங்கே பிழையில்லாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். பலர் இவற்றைத் 'திருத்தி' நல்ல தரவைக் கெடுத்துவிடுகிறார்கள். ஆழம் குறைகிறது, நீர்ச்சமானம் அப்படியே நிற்கிறது: பனி தன் எடையால் அமுங்குகிறது, அவ்வளவுதான். ஆழம் குறைகிறது, நீர்ச்சமானம் ஏறுகிறது: பனிமேல் மழை பெய்திருக்கிறது, தண்ணீர் உள்ளே தங்கியிருக்கிறது. வெள்ள முன்னறிவிப்பில் இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த இரண்டாவதைத்தான்.

அறிகுறி: ஆல்பிடோ 1-ஐத் தாண்டுகிறது

விழும் ஒளியில் எவ்வளவு பங்கைப் பனி திருப்பி அனுப்புகிறதோ, அதுதான் ஆல்பிடோ. வந்த ஒளியைவிட அதிகமாகப் பனி திருப்பி அனுப்பாது. புதுப்பனி 0.8 முதல் 0.9 வரை திருப்பும், அழுக்கேறி முதிர்ந்த பனி 0.5 அல்லது 0.6 அளவில் நிற்கும். 1.1 வந்தால், வெயிலை அளக்கும் பைரனோமீட்டர்களில் மேலே பார்ப்பதன் கண்ணாடிக் குமிழில் பனி உட்கார்ந்திருக்கிறது. மென்மையான தூரிகையால் துடையுங்கள், ஊதாதீர்கள், மூச்சு உறைந்து படிந்துவிடும். காலையிலும் மாலையிலும் மட்டும் தாண்டினால் கருவி சமமாக இல்லை, அல்லது கீழே உள்ள பனி சரிவாக இருக்கிறது. தாழ்ந்த வெயிலில் ஒரு டிகிரி சாய்வுகூடப் பெரிதாகத் தெரியும்.

அறிகுறி: வசந்தத்தில் ரேடார் கோலைவிட அதிக ஆழம் சொல்கிறது

ஈரம். அடர்த்தி 300 உள்ள உலர்பனியில் ரேடார் அலை நானோநொடிக்குச் சுமார் 24 செ.மீ. போகும். பனி மணிகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் வேகம் குறையும், ஏனென்றால் ஐஸைவிடத் தண்ணீரின் மின்கடவாப் பண்பு (அலையை மந்தப்படுத்தும் தன்மை) பல மடங்கு பெரியது. அலை போய்த் திரும்ப 20 நானோநொடி என்றால், உலர்பனி வேகத்தில் ஆழம் 240 செ.மீ. உண்மையான வேகம் 20 செ.மீ. ஆக இறங்கியிருந்தால் ஆழம் 200 தான். கோல் குத்திய இடத்தின் மேலேயே ரேடாரை ஓட்டி, அன்றைய வேகத்தை அன்றே கண்டுபிடியுங்கள். முடிந்தால் விடியலில், ராத்திரி உறைந்தது இளகும் முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

ஜி.பி.எஸ். பாதியில் அணைந்துவிட்டது: சாதாரண ஆல்கலைன் பேட்டரி கடுங்குளிரில் சோர்ந்துபோகும். லித்தியம் பேட்டரி போட்டு, உபரியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள். நிலையத்தின் ஈய அமில பேட்டரி வெடித்துக் கிடக்கிறது: மின்னேற்றம் தீர்ந்த நிலையில் அதன் திரவம் உறைந்திருக்கிறது. முழு ஏற்றத்தில் இருந்தால் அவ்வளவு எளிதில் உறையாது, ஆகவே சோலார் பலகையின் மேல் பனி நிற்காமல் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். ஐசோடோப்பு ஆய்வுக்கு (தண்ணீரில் கனமான, லேசான மூலக்கூறுகளின் விகிதம் பார்க்க) எடுத்த மாதிரிகள் எல்லாமே எதிர்பார்த்ததைவிடக் கனமாக வருகின்றன: புட்டியின் மூடி இறுகவில்லை, லேசான மூலக்கூறுகள் முதலில் ஆவியாகிவிட்டன.

பேனா எழுதவில்லை என்றால் பென்சில். அதோடு நோட்டின் முதல் வரியில் பூஜ்யம் எங்கே என்று எழுதுங்கள். பருவகாலப் பனியில் தரைதான் பூஜ்யம், அங்கிருந்து மேலே எண்ணுவோம். பனியாற்றின் மேல் தரை எட்டாது என்பதால் மேற்பரப்பிலிருந்து கீழே எண்ணுவார்கள். இமாச்சலத்தின் சோட்டா ஷிக்ரி போன்ற பனியாற்றில் வேலை பழகியவரும் பருவகாலப் பனிக்குழியில் பழகியவரும் சேர்ந்து ஒரு குழி எழுதினால், பாதி அடுக்குகள் தலைகீழாகிவிடும்.

அறிகுறி: அளக்கப் பனியே இல்லை

போன இடத்தில் வெறும் புல். படிவத்தில் என்ன எழுதுவது? பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது ஒரு கோடு போடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அதைப் படிப்பவருக்கு, ஆள் போகவில்லையா, கருவி கெட்டதா, பனி இல்லையா என்று தெரியாது. கணினியோ காலிக் கட்டத்தை விட்டுவிட்டுச் சராசரி போடும், வறண்ட வருடம் நல்ல வருடமாகிவிடும். 0 என்று எழுதுங்கள். பக்கத்தில் நேரம், படம், 'தரை தெரிகிறது' என்ற குறிப்பு.

டாஹோ ஏரிக்குத் தெற்கே பிலிப்ஸ் என்ற இடத்தில் 1941 முதல் பனி அளந்து வருகிறார்கள். சியராவில் பனி உச்சத்தில் இருக்க வேண்டிய நாள் என்பதால் ஏப்ரல் 1 அளவீடுதான் அங்கே முக்கியம். 2015 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அந்த அளவீட்டைப் பார்க்க வந்து, ஆள் மூழ்கும் அளவுக்குப் பனி கிடக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல்மேல் நின்றார். மாநிலம் முழுவதும் பனியின் நீர்ச்சமானம் அந்த நாளுக்கான சராசரியில் 5 சதவீதம். நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்கும் உத்தரவை அன்றே அறிவித்தார். அளக்கப் போனவர்கள் குழாயையும் கோலையும் கொண்டுதான் போயிருந்தார்கள். பிலிப்ஸில் அன்று பதிவான எண் 0.